அடுப்புக்குப் பின்னால் நீல இலைகள்

சித்தியின் பக்கத்தில் போய் நின்றால், அவள் வாய் நம்மை விசாரிப்பதற்கு முன்னால் கை நம் சட்டையை விசாரித்துவிடும். கீழ் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து உட்புறம் திருப்பும். கட்டைவிரல் தையலின் மேல் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். கடைசிக்கு முந்தின பொத்தானை லேசாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்கும். வாய் தன் பாட்டுக்கு, "சாப்டியா? எங்கடா போயிருந்த? ஏன் மூஞ்சி வாடியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். கைக்கும் வாய்க்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சட்டை மட்டும் என்றில்லை. துண்டு, தலையணை உறை, குடை, எது கைக்கு வந்தாலும் மறுபக்கத்தைப் பார்த்த பிறகுதான் முன்பக்கத்தைப் பார்ப்பாள். பாத்திரக் கடைக்குள் விட்டால் தட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டே போவாள். பின்னாலேயே கடைக்காரர் நிமிர்த்திக்கொண்டே வருவார்.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. குழல் விளக்குக்குக் கீழே நீள மேசை. இடது பக்கம் சட்டை மலை, வலது பக்கம் தேறின சட்டைகள், காலடியில் தேறாதவை. தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அங்கே அவளுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். கண் இமைக்கிற நேரத்தில் முடிவு சொல்லிவிடுவாளாம். மேலாளர் வந்து, "இத விட்டுடலாமேம்மா" என்று கெஞ்சினாலும் ஒட்டின ஸ்டிக்கர் ஒட்டினதுதானாம்.

'சொல்லிவிடுவாளாம்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்த முடிவெடுக்கிற ஆள் இறங்க மாட்டாள். வீட்டுக்கு வருவது வேறு ஒருத்தி. குடை வாங்க வேண்டுமென்றால் கறுப்பா நீலமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே யோசிப்பவள். யார் எதைக் கேட்டாலும் அவள் பதில் ஒன்றுதான்: "அக்காவக் கேட்டுச் சொல்றேன்."

அந்த அக்கா என் அம்மா.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்ததால் அம்மாவும் சித்தியும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அம்மாவுக்கு எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். இன்றைக்கு என்ன சமையல், உப்பு எவ்வளவு, எந்தக் கரண்டி எந்த ஆணியில் தொங்க வேண்டும் எல்லாம் அம்மா சொல்வாள். சித்தி செய்வாள். இரண்டு பேருக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சித்திக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் நான் பாதி உட்கார்ந்துகொண்டேன். பாதி நாள் அவள் கையில்தான் சாப்பிட்டேன்.

ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சித்தி யாரிடமும் இல்லாமல் குழாயிடம் சொல்கிற மாதிரி, "எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தாத் தேவலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் கொத்தனார் செங்கலோடு வாசலில் நின்றார். சமையலறைக்கு நடுவில் சுவர் எழும்பியது. பழைய அடுப்பு இருந்த பாதி எங்களுக்கு, ஜன்னல் இருந்த பாதி சித்திக்கு.

"தனியாப் போறதக்கூட அக்காதான்டா முடிவு பண்ணாங்க" என்றாள் சித்தி என்னிடம். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபட்டிருக்காது.

சுவர் பூசி முடிந்ததும் அம்மா சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அடுப்புக்குப் பின்னாடி டைல்ஸ் ஒட்டிடு. இல்லன்னா எண்ணெய்ப் பிசுக்கு ஏறிடும். என்ன டைல்ஸ், எப்படி ஒட்டணும், எல்லாம் உன் இஷ்டம். நான் அதுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"அக்கா, நீங்க ஒரு தடவை கடைக்கு வந்து..."

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல?"

சித்தி திரும்பி வந்து தன் பாதியில் வெறும் சிமெண்ட் சுவருக்கு எதிரே நின்றாள். நானும் நின்றேன். "இந்த ஒண்ணையாவது நானா முடிவு பண்ணணும்டா" என்றாள். "இத்தனை வருஷத்துல இந்தச் சுவத்த மட்டும்தான் என் இஷ்டம்னு விட்டிருக்காங்க. இதையும் சொதப்பிட்டேன்னா அப்புறம் எனக்குன்னு எதுக்கு ஒரு அடுப்பு?"

சித்தப்பா தண்ணீர் லாரி ஓட்டுபவர். சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். எதைக் காட்டினாலும், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பார். ஒன்றை மட்டும் காட்டினாலும் அதையேதான் சொல்வார். அதனால் டைல்ஸ் கடைக்குத் துணையாக நான் போனேன்.

கடையில் டைல்களைப் பலகையில் பதித்து, புத்தகப் பக்கம் மாதிரி புரட்ட வைத்திருந்தார்கள். பழக்கூடை, காபிக் கோப்பை, மிளகாய்க் கொத்து, ஆவி பறக்கும் கெண்டி என்று சமையலறைக்கான படங்கள். விற்பவர் வாய் ஓயாமல் புரட்டினார். "இதுதாம்மா இப்ப எல்லாரும் போடுறாங்க. இத போன வாரம் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போட்டோம். இது துடைச்சாலே போதும், கண்ணாடி மாதிரி." சித்தி ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"பின்னாடி என்னம்மா இருக்கு? அது சுவத்துக்குள்ள போறதுதானே?"

"பின்னாடி சரியா இருந்தாத்தான் முன்னாடி சரியா இருக்கும்."

விற்பவர் என்னைப் பார்த்தார். நான் பழக்கூடையைப் பார்த்தேன்.

வெயில் சாயும் வரை புரட்டியும் ஒன்றும் தேறவில்லை. கிளம்பும்போது மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்று சித்தியின் கண்ணில் பட்டது. உள்ளே கையால் தீட்டின டைல்கள். வெண்ணெய் நிறப் பின்னணியில், ஒரு மூலையில் காம்பு தொடங்கி எதிர் மூலையில் நுனி முடிகிற ஒற்றை நீல இலை. எல்லாவற்றிலும் அதே இலைதான். ஆனால் கையால் தீட்டியதால் நீலம் ஒன்றைப் போல் ஒன்றில்லை. ஒன்று மசி மாதிரி, ஒன்று சலவைக்குப் போட்ட நீலம் மாதிரி, ஒன்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி.

"அது மிச்சம் விழுந்ததும்மா. ஷேடு ஒத்து வரல. அதுக்கு மேல ஒண்ணு வேணும்னாலும் கிடைக்காது" என்றார் விற்பவர்.

"கம்பெனியில இப்படி ஷேடு மாறினா நான் ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போட்டுருவேன்" என்றாள் சித்தி. சொல்லிக்கொண்டே பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்டேன். "தெரியலடா" என்றாள்.

குழப்பம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது. ஒரே மாதிரி டைல் வாங்கியிருந்தால் வரிசையாக ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். இந்த இலையோ எப்படித் திருப்பி வைத்தாலும் வேறொன்றாக மாறியது. நான்கு காம்புகளை ஒன்றுசேர்த்தால் பூ. மாற்றி மாற்றி வைத்தால் அலை. எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்தால் மழை. அதற்கு மேல் எந்த நீலம் எந்த இடத்தில் என்கிற கேள்வி வேறு.

சித்தி கூடத்துத் தரையில் சாக்பீஸால் சுவரின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டாள். ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் பையை மூலையில் வீசிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் நாற்காலி மேல் ஏறி நின்று போனில் படம் எடுப்பேன். அவள் எழுந்து வந்து படத்தைப் பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்று இழுப்பாள். மறுபடி எல்லாம் கலையும். சித்தப்பா வீட்டுக்குள் வந்தால் ஓடையைத் தாண்டுகிற மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவார்.

"என்னங்க, பூவா வைக்கவா, அலையா வைக்கவா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"இந்த மனுஷன் கிட்டக் கேட்டதுக்கு அந்தக் குழாயக் கேட்டிருக்கலாம்."

"குழாயக் கேட்டுத்தானடி சுவரு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு சித்தப்பா குளிக்கப் போய்விட்டார். அந்த மனிதருக்குள் இப்படி ஒரு வாய் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்து என் முறை. "நீதான் அர்த்தம் புரியாத கவிதையா வாங்கி வாங்கிப் படிச்சுட்டு ஆகா ஓகோன்னு தலையாட்டுறவனாச்சே. இதச் சொல்லு. நல்லாயிருக்கா இல்லையா?"

எனக்கு எல்லாம் நன்றாக இருந்தது. அதைச் சொன்னால் சித்தப்பாவாகிவிடுவோமே என்று, "கொஞ்சம் யோசிக்கணும் சித்தி" என்றேன்.

"யோசி யோசி. நான் மட்டும் என்ன பண்றேன்?"

சுவருக்கு அந்தப் பக்கம் போனால் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: "என்ன, முடிவாச்சா?"

"இல்லம்மா."

"ம்."

இந்தப் பக்கம் வந்தால் சித்தி டைலைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: "அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"'ம்'னாங்க."

"எப்படி 'ம்'னாங்க? நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா?"

எனக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. எழுத்தில் இருந்தால் பார்த்துச் சொல்லலாம். அம்மாவின் 'ம்'மைத் திருத்த யாராலும் முடியாது.

அம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சித்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாததால் வேண்டியது எது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி பூ என்று படுத்து, காலையில் அலை என்று எழுந்தாள். பல் விளக்கும்போதே மழை என்றாள்.

கடைசியில் டைல் ஒட்டுகிறவர் வந்து ஒரு கெடு வைத்தார். அவருக்கு அந்தத் தெருவில் 'ரசமட்டம்' என்று பெயர். நடுவில் காற்றுக் குமிழ் மிதக்கும் அந்த மட்டப்பலகை எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். டீக் கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "நாளைக்கு ஒரு நாள்தாம்மா எனக்கு ஓய்வு. அதுக்கப்புறம் வெளியூர் வேலை. நாளைக்கு விட்டா நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

அன்றைக்குச் சாயங்காலம் சித்தி ஏதோ ஒரு வேகத்தில் அடுக்கி முடித்தாள். நான் படம் எடுத்தேன். "போதும், இதான்" என்றாள். அதை அவள் வாயால் கேட்டதே எனக்கு அதிசயம். பிறகு தன் தொழில் புத்தியைக் காட்டினாள். ஒவ்வொரு டைலையும் கவிழ்த்து, பின்பக்கத்தில் எந்த வரிசை, எத்தனையாவது, எந்தப் பக்கம் மேலே என்று சாக்பீஸால் எண்ணும் அம்புக்குறியும் போட்டாள். "முன்பக்கம் யார் வேணா பாப்பாங்க. விஷயம் பின்பக்கத்துல இருக்கணும்" என்றாள். டைல் வாங்கின நாளிலிருந்து முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தியின் குரல், "ஐயையோ" என்று. ஓடினேன். பின்கட்டில் ரசமட்டம் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டைல்கள் எல்லாம் அதற்குள் மூழ்கிக் கிடந்தன. சித்தி ஒன்றை வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். பின்பக்கம் வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"நம்பர் எங்கண்ணே?"

"என்ன நம்பரு?"

"சாக்பீஸ்ல எழுதியிருந்தேனே!"

"அதானே பாத்தேன். தண்ணி ஏன் மோர் மாதிரி வெளுத்துப் போச்சுன்னு."

"எதுக்குண்ணே தண்ணியில போட்டீங்க?"

"ஊறப் போடாம எப்படிம்மா ஒட்டுறது? காஞ்ச டைலு கலவையில இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடும். அப்புறம் ஒரு நாள் நீங்க சமைச்சிட்டிருக்கும்போது கழண்டு சட்டிக்குள்ளயே விழும். பரவாயில்லையா?"

வாழ்நாளெல்லாம் பின்பக்கத்தையே நம்பினவளைப் பின்பக்கம் கைவிட்டுவிட்டது. சித்தி டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போட்டோ! டேய், நீ போட்டோ எடுத்தியே. கடைசிப் போட்டோவ எடு."

எடுத்தேன். கடைசிப் படத்தில் ஒரு மூலை முழுக்க சித்தப்பாவின் கால்.

"அதுவும் சரி வராது" என்றாள் சித்தி திடீரென்று. "நீ போனப்புறம் நான் கொஞ்சம் மாத்தி, நம்பரையும் அழிச்சு எழுதினேன்."

"என்ன மாத்தினீங்க சித்தி?"

"அதான்டா தெரியல!"

முந்தின படத்தைப் பார்த்தோம். அதற்கும் முந்தினது. பூ, அலை, மழை, பாதிப் பூ பாதி மழை. விரலால் தள்ளத் தள்ள என் போனில் அதே தரை விதவிதமாக வந்துகொண்டே இருந்தது. எது எதற்கு அடுத்தது என்று எனக்கும் குழம்பியது. ரசமட்டம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது.

தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் அடித்தது. அன்றைக்குச் சரக்கு ஏற்றுகிற நாள். விடுப்பு என்ற பேச்சே எடுக்க முடியாது. சித்தி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அண்ணே, எப்படியாவது வைங்க. உங்களுக்கு எது தோணுதோ அப்படி."

"தம்பி, அந்தப் போட்டோவையெல்லாம் எனக்கு அனுப்பிடு. எது வாகா வருதோ பாத்து ஒட்டிடுறேன்" என்றார் அவர்.

நான் அனுப்பிவிட்டு சித்தியோடு தெருமுனை வரை நடந்தேன். பஸ் படியில் கால் வைக்கும்போது என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "கடைசியில இதையும் வேற யாரோதான் முடிவு பண்றாங்க, பாத்தியா."

பையை எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அங்க சத்தம்?"

சொன்னேன். சாக்பீஸ், தண்ணீர், படங்கள், பஸ் படியில் சித்தி சொன்னது எல்லாவற்றையும். அம்மாவின் கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கியது.

"ம்" என்றாள். "சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நேரமாச்சு."

சாயங்காலம் தெருமுனையில் சித்தியின் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். வீடு கிட்டத்தில் இருந்தும் அவள் நடந்த நடையைப் பார்த்தால் ஊர் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். அப்புறம், "வேணாம், நானே வர்றேன்" என்றாள்.

சுவர் முடிந்திருந்தது. ரசமட்டம் மூலையில் உட்கார்ந்து பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பூ இல்லை, அலை இல்லை. எல்லா இலையும் ஒரே சாய்வில், ஜன்னலை நோக்கி. அடுப்புக்கு நேர் பின்னால் மசி நீலம். அங்கிருந்து ஜன்னல் பக்கம் போகப் போக நீலம் கரைந்து, ஜன்னல் ஓரத்தில் இலை இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். எங்கோ இந்தப் பக்கமிருந்து ஒரு காற்று வீசி, எல்லாவற்றையும் வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு போகிற மாதிரி.

சித்தி சமையலறை வாசலிலேயே நின்றாள். "இதுதான்டா" என்றாள்.

"எது சித்தி?"

"இதுதான் நான் போட்டது. இல்ல. போட்டேனா? போடணும்னு நினைச்சேன். ஒரு நாள் போட்டேன்ல? நீ போட்டோ எடுத்தியே... எடுத்தியா?"

"தெரியல சித்தி."

"அண்ணே, எந்தப் போட்டோவப் பாத்து ஒட்டினீங்க?"

ரசமட்டம் கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க அடுக்கினதுதாம்மா. எனக்கு என்ன தெரியும், நான் மட்டம் பாக்குறவன்" என்றார்.

சித்தி இன்னும் ஏதோ கேட்கப் போனாள். அதற்குள் அவள் கண் ஒரு இடத்தில் போய் நின்றது. பாத்திரம் துலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், மற்றதெல்லாம் ஜன்னலுக்குப் போக, ஓர் இலை மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"அது தப்பு" என்றாள்.

நான் அந்தக் குரலை அதற்கு முன்னால் கேட்டதில்லை. தணிந்த, அவசரமில்லாத, மறுபேச்சுக்கு இடம் வைக்காத குரல். எக்ஸ்ரே அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள்.

"அது அப்படியே இருக்கட்டுமே சித்தி" என்று நான் வாயைத் திறந்தேன். "காத்துக்கு எதிரா ஒரே ஒரு இலை. அதுவும் அழகாத்தானே..."

"உன் கவிதைய நீயே வச்சுக்க. அண்ணே, கழட்டுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. கழட்டின பின்னாடி வேணாம்னா..."

"பாத்துட்டேன். கழட்டுங்க."

ரசமட்டம் எழுந்து வந்தார். கரண்டி நுனியை ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். மற்றதெல்லாம் கல் மாதிரி பிடித்திருக்க, அந்த டைல் மட்டும் காத்திருந்த மாதிரி பொசுக்கென்று கையோடு வந்தது. பின்னால் கொஞ்சம் கலவை பூசி, திருப்பி வைத்து, கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். இலை கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

சித்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "பாத்தியாடா. தப்பு எதுன்னு எனக்குத் தெரியுதுன்னா, சரி எதுன்னும் எனக்குத் தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? அப்ப இது நான் போட்டதுதான்."

அந்தக் கணக்கு சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. அந்த முகத்தைச் சந்தேகம் இல்லாமல் பார்ப்பதே புதுசாக இருந்ததால் நான் தலையாட்டினேன்.

"போ, அக்காவ வந்து பாக்கச் சொல்லு."

சுவர் எழுந்ததற்கு அப்புறம் அம்மா அந்தப் பக்கம் கால் வைத்தது அன்றைக்குத்தான். தோளில் சமையல் துண்டோடு வந்து நின்றாள். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அம்மா ஒரு பொருளை இவ்வளவு நேரம் குற்றம் சொல்லாமல் பார்த்து நான் கண்டதில்லை.

"நல்லாயிருக்கு" என்றாள். "எப்படித் தோணுச்சு உனக்கு?"

"நானும் என்னென்னமோ போட்டுப் பாத்தேன்க்கா. அடுப்புக்குப் பின்னாடி அடர்த்தியா இருந்தாத்தான் எண்ணெய் தெறிச்சாத் தெரியாது, இல்லையா? அப்படியே வெளிச்சம் வர்ற பக்கம் வெளுத்துக்கிட்டே போகணும்னு..." சொல்லச் சொல்ல சித்திக்கே அது ஞாபகம் வருகிற மாதிரி இருந்தது. பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே கை வழக்கம்போல் நீண்டு, அம்மாவின் தோளிலிருந்த துண்டின் நுனியைப் பிடித்து உட்புறம் திருப்பியது. கட்டைவிரல் ஓரத்தில் ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. அங்கே துணி மொறமொறவென்று சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்தது.

பேச்சும் நின்றது. சித்தியின் கையும் வாயும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

பிறகு துண்டை மெதுவாகப் பழையபடி மடித்து அம்மாவின் தோளில் போட்டாள். "இத இப்பவே அலசிப் போட்டுருங்கக்கா. இறுகிடுச்சுன்னா அப்புறம் போகாது."

"ம்" என்றாள் அம்மா.

"உக்காருங்கக்கா. டீ போடுறேன். எங்கிட்ட சக்கரை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்."

அம்மா உட்கார்ந்தாள். சக்கரை தூக்கலான டீயை ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

அதற்கப்புறம் சித்தி ஒரு மஞ்சள் குடை வாங்கினாள். யாரையும் கேட்கவில்லை. இருவரும் சுவரைத் தட்டி உப்பும் சக்கரையும் கைமாற்றிக்கொண்டார்கள். சித்தப்பாவிடம் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். எந்த ரெண்டு என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் குழப்பம் தீரவில்லை. போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிச் சுவரோடு ஒத்துப் பார்த்தேன். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அது ஒரு வியாதி. ஒரு படம்கூட அந்தச் சுவராக இல்லை.

பல மாதம் கழித்து எங்கள் அச்சகத்தில் கை கழுவும் இடத்துக்கு டைல் ஒட்ட ரசமட்டம் வந்தார். மதியம் டீ குடிக்க வெளியே நின்றபோது, பெஞ்சில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"உங்க சித்தி வீட்டு வேலை இன்னும் மனசுல நிக்குது தம்பி. அன்னைக்கு நீங்க கிளம்பினதும் உங்கம்மா வந்துட்டாங்க. ஒரு டைல எடுத்து வெளிச்சத்துல பாப்பாங்க, 'இது அங்க'ம்பாங்க. ரெண்டாவது பேச்சு கிடையாது. கையில கலவைய எடுத்து அவங்களே பூசிக்கூடக் கொடுத்தாங்க. சித்திகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல."

"என்ன?"

"அந்தத் திரும்பின இலை. அத நான் தப்பா ஒட்டல தம்பி. என் கையில அப்படி நடக்காது. எல்லாம் சுத்தமா முடிஞ்சு போச்சு. கை கழுவப் போனவனக் கூப்பிட்டு உங்கம்மாதான் சொன்னாங்க: 'தொட்டிப் பக்கம் இருக்குற அந்த ஒண்ண மட்டும் கழட்டி எதிர்ப்பக்கம் திருப்பி வைங்க. லேசா ஒட்டினாப் போதும். சாயங்காலம் அவ வந்ததும் கழட்டச் சொல்லுவா.'"